தகரக் கூரையைப் புயலுக்குக் கட்டுவது: மணல் மூட்டையா, கயிறா, ஜே போல்ட்டா?

கூவத்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் சவுக்கு நிலமும், அதில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடும் உண்டு. பக்கத்தில் சமையலுக்கு ஒரு சாய்ப்பு. நாங்கள் குடியிருப்பது குரோம்பேட்டையில். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் போதும், மனசு அந்தக் கூரைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிடித்து வைக்க மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். இப்போது நான் ஜே போல்ட் பக்கம், அதாவது ஆங்கில J எழுத்து மாதிரி அடியில் வளைந்த கொக்கி போல்ட்.

தண்ணீர் டேங்கை நிரப்பி வைப்பது, வீட்டின்மேல் சாய்ந்த கிளையை வெட்டுவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கதவு, ஜன்னல் கொண்டிகளை மட்டும் நன்றாகப் பாருங்கள். கூரைக்கு மேலே ஓடும் காற்று தகரத்தை உறிஞ்சித் தூக்கும். அந்த நேரத்தில் காற்றடிக்கும் பக்கத்துக் கதவும் திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும். இரண்டும் சேர்ந்தால் கூரை நிற்காது.

முதலில் மணல் மூட்டை. 2020 நவம்பரில் நிவர் வருகிறது என்றதும் எட்டு மூட்டைகளை ஏற்றி வைத்தோம். புயல் தெற்கே மரக்காணம், புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. அதற்கே ஒரு மூட்டை நனைந்து சறுக்கிக் கீழே விழுந்து டேங்க் பைப்பை உடைத்தது, ஓரத்துத் தகரம் ஒரு முழம் மேலே மடங்கிவிட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 68 கிலோ அழுத்தம் தரும். தகரத்தின் எடையோ சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோதான். எங்கள் கூரை 20 சதுர மீட்டர். அதாவது ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் தூக்கல், ஓரங்களில் இன்னும் அதிகம். 40 கிலோ மூட்டை என்றால் முப்பதுக்கு மேல் வேண்டும். அத்தனையையும் ஏற்றினால் புயலுக்கு முன்னாடியே தகரத்தைத் தாங்கும் சட்டத்துப் பைப் வளைந்துவிடும்.

கயிறு அதைவிடத் தேவலை. ஆனால் நைலான் கயிறு இழுபட்டுத் தொய்யும், தகரத்தின் விளிம்பு அதை அறுக்கும். மணல் தரையில் அடித்த முளை மழையில் இளகிவிடும். மரத்தில் கட்டவே கூடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் எத்தனை மரங்கள் சாய்ந்தன என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம். கீற்றுக் கூரை என்றால் கதை வேறு. குப்பங்களில் பழைய மீன்வலையைக் கூரைமேல் போர்த்திக் கட்டுவார்கள். வலை பாரத்தைப் பரப்பிப் பிடிக்கும் என்பதால் அது நல்ல யோசனையாகவே தெரிகிறது. ஆனால் கீற்றுக் கூரைக்கு அடியில் நான் ஒரு புயலையும் கழித்ததில்லை, அதனால் அதற்குமேல் பேச மாட்டேன்.

நிவருக்கு அப்புறம் வந்த வெல்டர் தகரத்தை இறுக்கியிருந்த ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ஸ்க்ரூ பைப்பைக் கடிச்சுப் பிடிக்குது. போல்ட்டு கட்டிப் பிடிக்கும். கடிக்கிறது பல்லு இருக்கிற வரைக்கும்தான்." மெல்லிய பைப்பில் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும். ஜே போல்ட்டோ பைப்பின் அடியில் வளைந்து கொக்கி போட்டு, மேலே நட்டோடு தகரத்தைப் பிடிக்கிறது. அறைக்கு மட்டும் போல்ட் போட்டோம். கைக்காசு குறைவாக இருந்ததால் சாய்ப்பில் பழைய ஸ்க்ரூவே இருக்கட்டும் என்று விட்டேன். அதனால்தான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

எனக்கு விஷயத்தைத் தீர்த்து வைத்தது பராமரிப்புதான். புயல் வருஷத்துக்கு ஒரு ராத்திரி வரலாம், வராமலும் போகலாம். உப்புக் காற்று தினமும் வருகிறது. 2023 செப்டம்பரில் மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஏறினேன். சாய்ப்பில் ஒரு ஸ்க்ரூவைத் திருப்பியதும் தலை மட்டும் கையோடு வந்தது. அடியிலிருந்த ரப்பர் வாஷர் வறுத்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி நொறுங்கியது. இன்னொன்று பிடிப்பே இல்லாமல் சும்மா சுற்றியது. பைப்பில் ஓட்டை பெரிதாகிவிட்டதால் அதே இடத்தில் புது ஸ்க்ரூ நிற்காது, தடிமனானது போட வேண்டும், இல்லாவிட்டால் தள்ளி வேறு ஓட்டை போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பைப் இப்படியே பலவீனமாகும்.

அறைப் பக்கத்து போல்ட்டுகளிலும் துரு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பேனர் வைத்தால் நட் இறுகியது. மோசமாக இருந்த நாலைக் கழற்றி, தகரத்தின் அதே ஓட்டையில் புதுசு போட்டு, வாஷர் மாற்றி, கிரீஸ் தடவினோம். பைப்பில் துளை என்பதே கிடையாது. ஒரு காலை வேலைதான்.

குறையும் உண்டு. மேலே ஒருவர், கீழே கொக்கியைப் பிடிக்க ஒருவர் என்று இரண்டு ஆள் வேண்டும். தகரத்தின் மேட்டில்தான் ஓட்டை போட வேண்டும், வாஷர் சரியாக உட்காராவிட்டால் அங்கே ஒழுகும். அதிகமாக இறுக்கினால் மேடு அமுங்கித் தண்ணீர் தேங்கும். சதுரப் பைப்புக்கு அதற்கேற்ற வளைவுள்ள கொக்கி கேட்டு வாங்க வேண்டும். பைப் கால்கள் கான்கிரீட்டில் ஊன்றாமல் இருந்தால் எந்த போல்ட்டும் பயன்படாது, கூரை சட்டத்தோடு பெயர்ந்து போகும்.

2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் அருகே கரையேறிய ராத்திரியில் அறைக் கூரை அசையவில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் அப்படியே. வர்தா மாதிரி ஒன்று நேராக மேலே வந்தால் தாங்குமா என்பதை எங்கள் கூரை இன்னும் சொல்லவில்லை. ஃபெஞ்சலில் சாய்ப்பின் தகரம் ஒன்று விடிய விடியப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்ததாகக் காவலுக்கு இருந்த பெரியவர் சொன்னார்.

இந்த ஆவணிக்குள் சாய்ப்புக்கும் போல்ட் போட ஆள் சொல்லிவிட்டேன். காற்று முதலில் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான் என்பதால், கடல் பக்கத்து ஓர வரிசையில் ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.