நல்ல மோட்டார், நம்ப முடியாத சுவிட்ச்: நான்கு அங்குல கிரைண்டருடன் நான்கு ஆண்டுகள்

பழுது பார்க்கக் கொடுத்திருந்த எங்கள் பட்டறையின் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர், அதாவது கையில் பிடித்து இரும்பை வெட்டவும் தேய்க்கவும் பயன்படுத்துகிற மெஷின், சென்ற வாரம் திரும்பி வந்தது. அதே நாளில், புதிதாக கிரில் வேலை தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர் அழைத்து, "நீங்கள் வைத்திருக்கிற மெஷினையே நானும் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் யோசிக்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. காரணத்தை விரிவாக எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

850 வாட், 100 மில்லிமீட்டர் சக்கரம், ஸ்லைடு சுவிட்ச் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. அதில் இல்லாததைச் சொல்கிறேன். நாள் முழுவதும் சதுரக் குழாயும் ஆங்கிளும் வெட்டி, வெல்டிங் பற்றைத் தேய்த்துச் சமன்படுத்துகிற பட்டறையில் இதன் ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் சுருள்) நான்கு ஆண்டுகளாக ஒருமுறைகூட எரியவில்லை. அந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கிற, தேய்ந்துபோகும் கார்பன் கட்டைகளை மட்டும் ஐந்து முறை மாற்றியிருக்கிறேன், அதுவும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் சேர்த்துத்தான். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துத் தேய்க்கும்போதும் கை சோர்ந்துபோகாத எடை. மோட்டாரைச் செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

என் கோபமெல்லாம் சுவிட்சின் மேல்தான். முன்னால் தள்ளி அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும், பின்முனையை அழுத்தினால் விடுபட்டுத் திரும்பும். புதிதாக இருந்தபோது 'டக்' என்று தெளிவான ஓசையோடு திரும்பியது. ஆறேழு மாதங்களில் இரும்புத் தூள் உள்ளே இறங்க இறங்க, அந்த ஓசை மங்கி, பொத்தான் பாதியில் நிற்கத் தொடங்கியது. பாதியில் நிற்கிற பொத்தான் ஆன் நிலையில் இருக்கிறதா, ஆஃப் நிலையில் இருக்கிறதா என்பதைச் சக்கரம் சுற்றுகிற சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மின்சாரம் போய்விட்டால் அந்தச் சத்தமும் இருக்காது.

நடந்தது இதுதான். போன மாதம் ஒரு நாள் காலை பத்து மணியளவில், தம்பி ஒருவன் மணைக்கட்டையில் உட்கார்ந்து ஓரங்குலச் சதுரக் குழாய் வெட்டிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மெஷினை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தபோது, பட்டறையில் நான் மட்டும் மறுகோடியில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். தரையில் கிடந்த மெஷின் தானாகக் கிளம்பி, சிமெண்டில் உரசித் துள்ளி, அரை வட்டம் சுழன்று, தன் வயரையே சக்கரத்துக்குள் இழுத்துக்கொண்டது. வயர் அறுந்து, மின்சாரத்தைத் துண்டிக்கிற எம்.சி.பி. விழுந்தது, அதற்குள் சக்கரம் உடைந்து, ஒரு துண்டு ஷட்டர் தகட்டில் அடித்துப் பள்ளம் ஏற்படுத்திவிட்டது. அவன் உட்கார்ந்திருந்த மணை அந்த இடத்திலிருந்து இரண்டடி தூரம்கூட இல்லை. "அண்ணா, கரண்ட் போனதும் நின்னுடுச்சு, ஆஃப்ல இருக்குன்னுதான் நெனச்சேன்" என்று அவன் சொன்னபோது எனக்கு அவனைத் திட்டத் தோன்றவில்லை.

உடைந்த சக்கரத்தின் நடுவில் இருக்கிற உலோக வளையத்தை எடுத்துப் பார்த்தேன். பிசின் பிணைப்பில் செய்யப்படும் இந்த வகைச் சக்கரங்களுக்குக் காலாவதி மாதமும் ஆண்டும் அந்த வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பொதுவாகச் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ஈரத்தில் பிசின் வலுவிழந்துவிடும் என்பதால் மழைக்காலத்தில் நான் சக்கரங்களை மூடிய டப்பாவில்தான் வைப்பேன். உடைந்த சக்கரத்துக்குக் காலம் இன்னும் பாக்கியிருந்தது. நிமிடத்துக்கு 15,300 சுற்று வரை தாங்கும் என்று அச்சிட்டிருந்த சக்கரம் அது. மெஷின் சுற்றுவதோ 11,000. எனவே சக்கரத்தின் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. மீதித் துண்டுகள், சக்கரத்தை மூடியிருக்கிற காப்புத் தகடான கார்டுக்குள்ளேயே அடங்கியிருந்தன. பெரிய சக்கரம் மாட்டுவதற்காகக் கார்டைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. எங்கள் பட்டறையில் அதற்கு நான் ஒருநாளும் இடம் கொடுத்ததில்லை. கார்டு நசுங்கியதே தவிர பிய்ந்து போகவில்லை என்பதையும் செய்தவர்களின் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

சர்வீஸ் நிலையத்தில் வயரையும் கியர் முகப்பையும் மாற்றிக் கொடுத்து, அணைக்காமல் வைத்தது எங்கள் தவறு என்றார்கள். அது உண்மைதான்; கையேட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆனால் சுவிட்சை மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்டதற்கு, வேலை செய்கிற சுவிட்சை ஏன் மாற்ற வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்குப் பொறுக்க முடியாமல் போனது அந்தக் கேள்விதான்.

கிணற்று மோட்டாருக்கு வைக்கிற ஸ்டார்ட்டரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் காந்தமாகித் தொடர்புகளைப் பிடித்துக்கொள்ளும்; மின்சாரம் போனதும் காந்தம் போய் விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும், ஆள் போய்ப் பச்சையை அழுத்தாமல் மோட்டார் ஓடாது. அந்த நடை வேண்டாம் என்கிற விவசாயி தனியாகக் காசு கொடுத்து, மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே கிளப்புகிற 'ஆட்டோ' கருவியை மாட்டிக்கொள்கிறார். கிணற்றடியில் ஆளில்லாமல் ஓடுகிற மோட்டாருக்கே இந்தக் காப்பு இத்தனை காலமாக இருக்கும்போது, மனிதனின் முகத்துக்கு ஓரடி தூரத்தில் நிமிடத்துக்குப் பதினோராயிரம் முறை சுற்றுகிற கருவியில் அது இல்லாமல் விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2012 வாக்கில் நாளில் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் வேலை செய்து பழகிய ஊர் இது. இன்றும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நமக்குப் புதிதல்ல.

பழுது பார்த்து வந்தபின் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கைமெஷின்கள் ஓடுகிற சாக்கெட்டுகள் அனைத்தையும் பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த, அந்த ஸ்டார்ட்டர் போலவே வேலை செய்கிற ஒரு கான்டாக்டர் வழியாகவும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாகவும் இணைத்துக்கொண்டேன். இப்போது மின்சாரம் திரும்பி வந்தாலும் ஒருவர் எழுந்து சென்று பச்சையை அழுத்தாமல் எந்த மெஷினும் உயிர் பெறாது. இரண்டாவது, சனிக்கிழமை தோறும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடியும் முகமூடியும் அணிந்து, பின்மூடியைக் கழற்றிக் கம்ப்ரசர் காற்றால் தூளை ஊதி எடுக்கிறோம். சுவிட்சுக்கு எண்ணெய் விடுவதில்லை. முன்பு விட்டுப் பார்த்ததில் எண்ணெயும் இரும்புத் தூளும் குழைந்து இன்னும் இறுகிவிட்டது. காலையில் பிளக்கைச் சொருகுவதற்கு முன் பொத்தானின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறோம். 'டக்' என்ற ஓசை தெளிவாக வரவில்லை என்றால் அன்று அந்த மெஷினுக்கு வேலை இல்லை.

இவ்வளவு செய்து இதை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவேன். மோட்டார் அதற்குத் தகுதியானது. ஆனாலும் நண்பரே, நீங்கள் இதை வாங்க வேண்டாம். கூடுதலாகப் பணம் ஆனாலும், பிடித்து அழுத்தியிருக்கும் வரை மட்டும் ஓடுகிற பேடில் சுவிட்ச் உள்ளதை, அல்லது மின்சாரம் திரும்பி வந்தால் தானாகக் கிளம்பாத காப்பு உள்ளதை வாங்குங்கள். ஸ்லைடு சுவிட்ச் மெஷினைக் காட்டி அந்தக் காப்பு இதில் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால், அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். சக்கரம் மாட்டாமல் மெஷினை இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, பொத்தானை ஆன் நிலைக்குத் தள்ளிப் பூட்டிய பிறகு, சுவரில் இருக்கிற சுவிட்சைப் போடச் சொல்லுங்கள். ஓடினால், விலை எவ்வளவு குறைத்தாலும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.