கவுன்சலர் ஆவதற்கு ஞாயிற்றுக்கிழமை டிப்ளமோவா, இரண்டு வருடப் பட்டமா?

முதலில் டிப்ளமோ, அப்புறம் பட்டம் என்று இரண்டுக்கும் காசு கட்டியவன் நான். அதனால் நடுநிலை என்று சொல்லிக்கொள்ளப் போவதில்லை. பட்டத்தின் பக்கம்தான் சாய்வேன்.

வங்கியில் கடன் வசூல் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தேன். "தவணை கட்டாதவங்ககூட இவ்வளவு பொறுமையா பேசுறியே, நீ கவுன்சலிங் படிடா" என்று அக்கா சொல்லப்போய், கோடம்பாக்கத்தில் ஆறு மாத ஞாயிறு வகுப்பில் சேர்ந்தேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் அங்கேதான் அறிமுகம். வந்தவருக்கு வழி சொல்லாதே, அவர் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கிற மாதிரி கூட இரு என்பது அவருடைய நபர்மைய முறை. 1957இல் எழுதிய கட்டுரையில் அவர் ஆறு நிபந்தனைகள் சொல்கிறார். வகுப்புகளில் பெரும்பாலும் மூன்றைத்தான் சொல்லித் தருவார்கள்: ஒத்துணர்வு, நிபந்தனையில்லாத ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது. கேட்டதும் "அட, இவ்வளவுதானா?" என்று தோன்றியது. வினையே அங்கேதான் தொடங்கியது.

செலவு, நேரம் எல்லாம் ஊருக்கே தெரிந்ததுதான். டிப்ளமோ மலிவு, வேலையை விட வேண்டாம். பட்டம் என்றால் நான்கு செமஸ்டர், வருகைப்பதிவு, நாற்பது வயதில் "அங்கிள், நோட்ஸ் இருக்கா?" என்று கேட்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். போட்டுக்கொள்ளும் பெயரைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று. எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி முடித்தாலும் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்ட முடியாது. அதற்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். அஞ்சல்வழி எம்.ஏ. என்ற மூன்றாவது வழி முன்பு இருந்தது, என் வங்கி நண்பர்கள் சிலர் அதில்தான் படித்தார்கள். உளவியலைத் தொலைதூர, ஆன்லைன் வழியில் நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டதால் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்வது ஒரே விஷயம்தான். நீங்கள் பேசியதை வேறொருவர் உட்கார்ந்து கேட்கிறாரா, இல்லையா? அதாவது சூப்பர்விஷன்.

டிப்ளமோவில் கடைசி இரண்டு ஞாயிறும் ரோல்பிளே. நான் கவுன்சலர், எதிரே வளசரவாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கிளையன்ட். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், சான்றிதழும் வந்தது. நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே மூன்று மூன்று பேராகப் பிரித்தார்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனிக்க, போனில் ரெக்கார்டிங் ஓடும். என் முதல் இருபது நிமிடப் பதிவை ஓடவிட்டு, மேடம் பென்சிலால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டே வந்தார். முடிவில் எண்ணிச் சொன்னார்: முப்பத்தொரு கேள்வி. "இது கவுன்சலிங் இல்ல சார், கே.ஒய்.சி." வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் என் குரலை நானே கேட்டபோதுதான் புரிந்தது, அந்தப் பெண் ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன்பே அடுத்த கேள்வியோடு நின்றுகொண்டிருக்கிறேன். பதினான்கு வருட வசூல் பழக்கம்.

இந்த ரெக்கார்டிங் வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் ரோஜர்ஸே முக்கியமானவர். டேப் ரெக்கார்டர் பரவுவதற்கு முன்பே, இசைத்தட்டில் அமர்வுகளைப் பதிவு செய்தார். 1942இல் வந்த நூலில் ஒருவருடைய எட்டு அமர்வுகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். பதிவைத் திரும்பக் கேட்டுக் கேட்டு உருவான முறையைப் பதிவே இல்லாமல் கற்றுக்கொடுப்பது, தண்ணீரில் இறங்காமல் நீச்சல் சொல்லித்தருகிற கதைதான்.

இரண்டாம் வருடம் பயிற்சிக்கு வடசென்னையில் ஒரு பள்ளிக்குப் போனேன். அங்கே பதிவு செய்ய அனுமதியில்லை, அது நியாயமும்கூட. பேசியதை அன்றைக்கே நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதித் தர வேண்டும். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு பையன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) "வீட்டுக்குப் போகவே பிடிக்கல சார்" என்றான். நான் "ஏன், அப்பா திட்டுறாரா?" என்றேன். "ம்" என்றான். அப்புறம் பதினைந்து நிமிடம் அப்பாவைப் பற்றியே ஓடியது. நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன். மேடம் அந்த இடத்தில் வட்டம் போட்டுக் கேட்டார்: "அவன் வீடுன்னுதான் சொன்னான். அப்பாவ உள்ள கூட்டிட்டு வந்தது யாரு?"

அடுத்த வாரம் அவன் மறுபடி வீட்டைப் பற்றிச் சொன்னபோது, "வீட்டுக்குப் போகணும்னாலே ஒரு மாதிரி ஆயிடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சில மாதங்களுக்கு முன் இறந்துபோன பாட்டியின் கட்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அப்பாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இதை ஆறு மாத ஞாயிறு வகுப்பு தராது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான் படித்த இடம் தரவில்லை. பிரிட்டனில் கவுன்சலர்களின் தொழில்முறைச் சங்கமான பி.ஏ.சி.பி.யின் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் குறைந்தது 100 மணி நேரம், மேற்பார்வையோடு நேரடி கிளையன்ட் வேலை செய்தாக வேண்டும். நம் ஊர்ப் படிப்பு எதையும் அந்த அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பட்டத்திலும் குறை உண்டு. ரோஜர்ஸ் மட்டுமே படிப்பு என்று நினைத்துச் சேர்ந்தால் ஏமாந்துபோவீர்கள். தியரி பேப்பரில் அவருக்கு ஒரு பகுதி, மீதி சி.பி.டி., ஃபிராய்ட், கெஸ்டால்ட் என்று மற்ற சிகிச்சை முறைகள், அப்புறம் என் உயிரை வாங்கிய புள்ளியியல். பாடம் முழுக்க ஆங்கிலம். கிளையன்டோ தமிழ். "நீங்க எப்படி உணர்றீங்க?" என்று சென்னையில் யாரிடம் கேட்டாலும் மேலும் கீழும் பார்ப்பார்கள். "மனசுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நெஞ்ச அடைக்குது" என்று வரும். இதை எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை, நாங்களே மூன்று பேர் கேன்டீனில் பேசிப் பழகியதுதான்.

ஆசிரியர், நர்ஸ், ஹெச்.ஆர். என்று ஏற்கெனவே ஆட்களோடு பழகும் வேலையில் இருப்பவர், இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்கப் பழகினால் போதும் என்று நினைத்தால் டிப்ளமோ தாராளம். காது கொடுப்பதற்குப் பட்டம் கட்டாயமும் இல்லை. 1986லிருந்து சென்னையில் இயங்கும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்தான் கேட்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு, தனி அறையில், ஒருவருடைய வாழ்க்கையோடு உட்காரப் போகிறீர்கள் என்றால்தான் பட்டம் என்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டுத் தனியாக சூப்பர்வைசர் வைத்துக்கொண்டு நன்றாகச் செய்கிறவர் ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வழி எல்லோருக்கும் ஒத்துவருமா என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை.

எங்கே சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் போன் போட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: என் அமர்வின் பதிவை யார் கேட்பார்கள், எத்தனை தடவை? போன மாதம் சித்தி மகளுக்காக ஓர் இடத்தில் நானே கேட்டேன். "ரெக்கார்டிங்தானே சார், கவலையே வேண்டாம். எல்லா கிளாஸையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிடுவோம்" என்றார்கள்.