"நாங்க ஃபோர்டு ஆளுங்க" என்று சொல்லும் கடை: மிச்சிகனில் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

டெட்ராய்ட் சுற்றுவட்டாரத்தில் பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2005 முதல் 2007 வரை வந்த மஸ்டாங் ஜிடி, அதே காலத்து ஃபோர்டு எஃப்-150, எக்ஸ்பெடிஷன் ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஸ்பார்க் பிளக் மாற்றக் கொண்டுபோய் விட்ட என் வண்டிக்கு ஒரு கடையில் 4,380 டாலர் பில் போட்டார்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் செய்யாத வேலைக்கான பணம்.

புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அதே வித்தையை வேறு பெயர்ப்பலகை மாட்டிய கடையிலும் காட்டுவார்கள்.

என்னுடையது 2006 மஸ்டாங் ஜிடி. 4.6 லிட்டர் வி-8, 300 குதிரைத்திறன், கையால் கியர் போடும் வண்டி. பக்கத்து ஃபிளாட் ராக் ஆலையில் செய்தது. போன்டியாக் ஊரில் உள்ள பராசக்தி கோயில் பார்க்கிங்கில் வரிசையாக கேம்ரி, ஒடிசி, ஆர்ஏவி4 என்று நிற்கும்போது நடுவில் இதை ஸ்டார்ட் செய்தால் பிள்ளைகள் ஓடி வருவார்கள், மாமாக்கள் முகம் சுளிப்பார்கள். "நல்லா படிச்ச பையன், ஒரு டொயோட்டா வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கட்டும். அந்த எஞ்சின் சத்தத்துக்கு எந்தப் பதிலும் தேவையில்லை.

இந்த எஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. சிலிண்டருக்கு மூன்று வால்வு உள்ள இந்த 4.6, 5.4 லிட்டர் எஞ்சின்களில், 2007-இன் பிற்பகுதி வரை வந்தவற்றில், ஸ்பார்க் பிளக் நீளமாக, இரண்டு துண்டைச் சேர்த்துச் செய்ததாக இருக்கும். கீழ்த் துண்டு ஒரு மெல்லிய குழாய். வருடக்கணக்கில் கரி படிந்து அந்தக் குழாய் சிலிண்டர் ஹெட்டோடு, அதாவது எஞ்சினின் மேல் பகுதியோடு, ஒட்டிக்கொள்ளும். முரட்டுத்தனமாகத் திருகினால் மேல் பாதி கையோடு வரும், கீழ்ப் பாதி உள்ளேயே நின்றுவிடும். பிளக்கை மாற்றச் சொல்லியிருப்பதோ ஒரு லட்சம் மைலில். அதற்குள் நன்றாகவே ஒட்டியிருக்கும்.

எப்படிக் கழற்ற வேண்டும் என்று ஃபோர்டே மெக்கானிக்குகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு தொடவே கூடாது. முதலில் எட்டில் ஒரு சுற்று, மிஞ்சினால் கால் சுற்று மட்டும் தளர்த்தி, குழியில் கார்புரேட்டர் கிளீனரை ஊற்றி, குறைந்தது 15 நிமிடம் ஊறவிட வேண்டும். அப்புறம் முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். பொறுமை இருந்தால் போதும், பெரிய வித்தை ஒன்றுமில்லை.

இனி கடைக்கு வருகிறேன். சனிக்கிழமை காலைகளில் பழைய கார்க்காரர்கள் கூடும் இடத்தில் ஒருவர் சிபாரிசு செய்தார். "ஃபோர்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள், நம்பிப் போ" என்றார். உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் ஃபோர்டின் நீல முட்டைச் சின்னம், 1964-இல் மஸ்டாங் வந்தபோது போட்ட விளம்பரங்கள், கண்ணாடிப் பெட்டியில் பழைய வி-8 பிஸ்டன். முதலாளி, தன் தாத்தா ஃபோர்டின் ரூஜ் ஆலையில் வேலை பார்த்தவர் என்று ஆரம்பித்தார். செவி வண்டியை (போட்டிக் கம்பெனியான செவர்லேவின் செல்லப்பெயர்) வாசலில் நிறுத்தினால் இழுத்துப் போட்டுவிடுவோம் என்று சிரித்தார். இந்த ஊரில் அதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடவும் முடியாது. 2006-இல் டியர்பார்ன் டிரக் ஆலையிலேயே ஃபோர்டு அல்லாத வண்டிகளை ஆலையை ஒட்டிய பார்க்கிங்கில் விடக் கூடாது என்று விதி போட்டார்கள். மூன்று தலைமுறையாக ஒரே கம்பெனிச் சம்பளத்தில் வளர்ந்த வீடுகள் இங்கே ஏராளம்.

அந்தப் பேச்சுதான் அவர்களுடைய முதலீடு. பத்து நிமிடம் பேசினால் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை, பங்காளி ஆகிவிடுவீர்கள். பங்காளியிடம் யார் ரசீது கேட்பார்கள்?

எட்டு பிளக்கும் மாற்ற 465 டாலர் என்று எழுத்தில் எஸ்டிமேட் கொடுத்தார்கள். இது நியாயமான விலை. வண்டியை ஓட்டிக்கொண்டு போய் சாவியைக் கொடுத்த கையோடு பானெட்டைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். "எஞ்சின் சூடா இருக்கே?" என்று கேட்டேன். "சூட்டில்தான் சுலபமாக வரும்" என்றார் மெக்கானிக்.

மத்தியானம் ஃபோன் வந்தது. மூன்று பிளக் முறிந்துவிட்டதாம், துண்டுகள் உள்ளே மாட்டியிருக்கிறதாம், இரண்டு சிலிண்டர் ஹெட்டையும் கழற்றினால்தான் எடுக்க முடியுமாம். இன்னும் 3,900 ஆகும் என்றார்கள். எழுத்தில் அனுப்பச் சொன்னதற்கு கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று பதில். வேண்டாம் என்றால் இப்படியே எஞ்சினைத் திறந்த நிலையில் இழுத்துக்கொண்டு போகலாம், இதுவரை செய்த வேலைக்கும் நிறுத்தி வைப்பதற்கும் தனிக் கட்டணம். கடைசியில் ஒரு வார்த்தை: "இது சாதாரண வண்டி இல்லை, ஜிடி. உண்மையான மஸ்டாங் ஆள் இதை அரைகுறையாக விடமாட்டான்." நான் சரி என்றேன்.

வண்டியை எடுக்கப் போனபோது பில்லில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் தகடு) இரண்டு, ஹெட் போல்ட் முழு செட், கூலன்ட், லேத் பட்டறையில் ஹெட்டைச் சமன் செய்த கூலி, 22 மணி நேர வேலை என்று ஒரு நீளப் பட்டியல். கழற்றிய பழைய கேஸ்கெட்டையும் போல்ட்டையும் கேட்டேன். குப்பையில் போய்விட்டது என்றார்கள். லேத் பட்டறையின் பெயர் பில்லில் இல்லை. கார்டில் கட்டினால் மூன்று சதவீதம் கூடும், ரொக்கமாகக் கொடுத்தால் நல்லது என்றார்கள். கார்டில்தான் கட்டினேன். இந்த விவகாரத்தில் பிற்பாடு கைகொடுத்தது அது ஒன்றுதான்.

கேன்டனில் எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் இருக்கிறார். இருபது வருடத்துக்கு மேல் எஞ்சின் சோதனைச் சாலையில் வேலை. அவர் ஓட்டுவது கேம்ரி, அதுவும் சாம்பல் நிறம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இந்த எஞ்சின்ல ஹெட்டைத் தூக்கணும்னா முதல்ல முன்பக்க கவர் வரணும். அப்புறம் டைமிங் செயின் வரணும். இந்த கவர் ஓரத்தைப் பாரு, பல வருஷத்து அழுக்கு அப்படியே இருக்கு. ஒரு போல்ட்ல கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்ல. கூலன்ட்டும் பழசு. இவனுங்க ஹெட்டைத் தொடவே இல்ல."

"அப்ப முறிஞ்ச பிளக் எப்படிண்ணா வெளியே வந்துச்சு?"

"அதுக்குன்னே டூல் விக்கிறான். நூறு டாலருக்குள்ள கிடைக்கும். அதை வச்சு ஒரு மணி நேரத்துல எடுத்திருப்பானுங்க."

அவர் சொன்னது லைல் நிறுவனத்தின் கருவி. உள்ளே நிற்கும் பீங்கானைக் கொஞ்சம் கீழே தள்ளிவிட்டு, அந்தக் குழாய்க்குள் மரை பிடித்து, மேலே ஒரு நட்டைத் திருகி இழுத்துவிடும். இந்த எஞ்சினைப் பார்த்துப் பழகிய எந்தக் கடையிலும் அது இருக்கும். ஃபோர்டு வேலை மட்டுமே செய்வதாகச் சொல்லும் கடையில் இல்லாமல் இருக்குமா? தாங்களே சூட்டில் திருகி முறித்தார்கள், மலிவுக் கருவியால் எடுத்தார்கள், பிறகு எஞ்சினையே பிரித்ததாகக் கணக்கு எழுதினார்கள்.

மிச்சிகனில் இதற்கென்று சட்டம் இருக்கிறது, 1974-இலிருந்தே. ரிப்பேர் கடை மாநிலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வேலை செய்யும் மெக்கானிக்குக்கு அந்தப் பிரிவில் சான்றிதழ் இருக்க வேண்டும். எஸ்டிமேட்டை எழுத்தில் தர வேண்டும். உங்கள் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் 10 சதவீதமோ 50 டாலரோ, எது குறைவோ அதைத் தாண்டி வாங்க முடியாது. கழற்றிய பாகங்களை நீங்கள் கேட்டால் திருப்பித் தர வேண்டும், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியது என்றால் காட்டவாவது வேண்டும். ஃபோனில் சம்மதம் வாங்கினோம் என்று அவர்கள் சொல்லலாம். செய்யாத வேலைக்குப் பணம் வாங்க எந்தச் சம்மதமும் செல்லாது. புகாரை வாங்குவது மிச்சிகன் மாநில அரசின் செகரெட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், நாம் லைசென்ஸ் எடுக்கப் போகும் அதே இடம்தான். கடைகளைக் கண்காணிக்கும் பிரிவும் அவர்களிடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

எரிச்சல் மூட்டியது அதற்குப் பிறகு நடந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஏமாற்றிய கடை மேல் வர வேண்டிய கோபம் என் மேல் திரும்பியது. "நம்ம ஆளை இப்படி மாட்டிவிடலாமா?" என்றார் ஒருவர். "செவிக்காரன் காதில் விழுந்தால் சிரிப்பான்" என்றார் இன்னொருவர். சிபாரிசு செய்த மனிதருக்கு அந்தக் கடையில் ஆயில் மாற்றுவது இலவசம் என்று வேறொருவர் காதோடு சொன்னார்.

எனக்கு அமெரிக்கக் கார்கள் மேல் உள்ள ஆசை குறையவில்லை. உதிரி பாகம் மலிவு, எங்கும் கிடைக்கும், வீட்டு கராஜிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ஆனால் ஒரு சின்னத்துக்காக இன்னொருவருடைய திருட்டை மூடி மறைக்கும் அளவுக்கு என்னால் போக முடியாது. அந்தச் சின்னம் நமக்காக என்ன செய்கிறது? ஃபோர்டு 2018-இல் வட அமெரிக்காவில் செடான்களைக் கைவிடுவதாக அறிவித்தபோது ஃபியூஷன் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டா செய்தது? ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் பிராண்டுகளில் ஓல்ட்ஸ்மொபைலை 2004-இலும் போன்டியாக்கை 2010-இலும் மூடியது. கையில் பச்சை குத்திக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கார்தான் இல்லை. அதே கம்பெனியின் இக்னிஷன் சுவிட்ச் கோளாறில் 124 பேர் இறந்ததாக அவர்கள் அமைத்த இழப்பீட்டு நிதியே ஒத்துக்கொண்டது. அதற்கும் சாக்கு சொல்லும் ஆட்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

கேம்ரி கட்சிக்காரர்கள் ரொம்ப மகிழ வேண்டாம். எஞ்சினுக்குள் உலோகத் துகள் தங்கியதால் 2024-இல் ஒரு லட்சம் டண்ட்ரா, லெக்ஸஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது டொயோட்டா. அமெரிக்கத்தனம் என்று பார்த்தால், கென்டக்கி ஜார்ஜ்டவுனில் 1988 முதல் செய்யப்படும் கேம்ரியை விட, மெக்சிகோவில் செய்து வந்த ஃபியூஷன் எந்த விதத்தில் கூடுதல் அமெரிக்கக் கார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

இதே எஞ்சின் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். முந்தின நாள் இரவே வண்டியைக் கடையில் விடுங்கள், காலையில் ஆறிய எஞ்சினில்தான் தொட வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். பிளக் முறிந்தால் எடுக்க என்ன கருவி வைத்திருக்கிறீர்கள், ஒன்றுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் திரும்பிவிடுங்கள். புதிதாகப் போடும்போது ஒரே துண்டாக வரும் பிளக் கேளுங்கள், சாம்பியன் செய்கிறது. கம்பெனி அனுப்பிய தொழில்நுட்பக் குறிப்புகளை அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ-வின் இணையதளத்தில் மாடலைப் போட்டு இலவசமாகத் தேடலாம். அதை அச்செடுத்துக் கையில் கொண்டுபோனால் பேச்சின் தொனியே மாறிவிடும். பெரிய வேலை என்று ஃபோன் வந்தால், பிரித்த நிலையில் நேரில் வந்து பார்க்கிறேன், அதுவரை கை வைக்காதீர்கள் என்று சொல்லுங்கள். புது வண்டிக்காரர்களிடம் "வெளியே காட்டினால் வாரண்டி போய்விடும்" என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். வெளிக்கடையில் சர்வீஸ் செய்தார்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க 1975-ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டம் இடம் தராது.

இப்போதைய நிலை: அண்ணா எடுத்துக் கொடுத்த படங்களோடு புகார் போயிருக்கிறது. ஹெட் வேலைக்கான தொகையை கார்டு கம்பெனி தற்காலிகமாகத் திருப்பி வைத்திருக்கிறது. கேஸ்கெட் வாங்கிய ரசீதைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள், கடையிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. நடுவில் முதலாளி ஒருமுறை கூப்பிட்டு, புகாரைத் திரும்பப் பெற்றால் ஆயிரம் டாலர் தருகிறேன் என்றார். எழுத்தில் அனுப்பச் சொன்னேன். கம்ப்யூட்டர் இன்னும் சரியாகவில்லை போல.