‘ஹோம்பாய்’: பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு புளூஸ் சிடி

1988-இல் வந்த ‘ஹோம்பாய்’ படத்தைப் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். படத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, நாயகன் மிக்கி ரூர்க் பேசுவது வாயைத் தாண்டி வரவில்லை என்று ஒரு கட்சி. அந்த மனிதன் நடந்து போவதைப் பார்த்தாலே மனசு கனத்துப்போகிறது என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது அதன் இசைத்தொகுப்பு, அமெரிக்கக் கறுப்பின மக்களிடமிருந்து பிறந்த புளூஸ் இசை. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டனின் அந்த சிடி பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. இசையைத் தனியாகக் கேட்டுப் பழகிய பிறகுதான் படம் எனக்குப் பிடிபட்டது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜானி வாக்கர் (ரூர்க்) என்ற பாக்ஸர். நல்ல காலம் போய்விட்டது, குடி விடவில்லை, தலையில் கௌபாய் தொப்பி. நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க் பக்கம், சீசன் முடிந்து ஆளில்லாத கடற்கரை. அங்கே வெஸ்லி என்ற சில்லறைத் திருடன் (கிறிஸ்டோபர் வாக்கன்) அவனோடு ஒட்டிக்கொண்டு ஒரு கொள்ளைக்கு இழுக்கிறான். குதிரை ராட்டினம் வைத்திருக்கும் ரூபி மீது (டெப்ரா ஃபியூவர்) ஜானிக்கு ஒரு ஈர்ப்பு. தலையில் ஏற்கெனவே பாதிப்பு இருக்கிறது, இன்னொரு பலமான குத்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இவ்வளவுதான். திருப்பங்களை எதிர்பார்த்து உட்காருகிறவர்களுக்குப் பொறுமை போவது நியாயம்தான். இயக்குநர் மைக்கேல் செரசின் அடிப்படையில் ஒளிப்பதிவாளர், ஆலன் பார்க்கரின் படங்களுக்குக் கேமரா பிடித்தவர். கதையை நகர்த்துவதைவிட ஈரமான சாலையையும் பூட்டிக் கிடக்கும் கடைகளையும் பார்த்துக்கொண்டிருப்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம்.

சரி, இசைக்கு வருவோம். கிளாப்டனும் இசையமைப்பாளர் மைக்கேல் கேமனும் அதற்கு முன்பே 1985-இல் ‘எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்’ என்ற பிபிசி தொடருக்கும், 1987-இல் ‘லெத்தல் வெப்பன்’ படத்துக்கும் சேர்ந்து வேலை செய்தவர்கள். இங்கேயும் கேமனின் கீபோர்டு கூடவே இருக்கிறது, ஆனால் ஒதுங்கியே நிற்கிறது. முன்னால் நிற்பது கிட்டார். வேண்டுமென்றால் பத்து நிமிடம் நிறுத்தாமல் சோலோ வாசிக்கக்கூடிய மனிதர், இதில் நாலு சுரம் வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். ‘டிராவலிங் ஈஸ்ட்’ தொடங்கும்போதே அது தெரிந்துவிடும். ஒரு வரி வருகிறது, அது அடங்குகிறது, அடங்கிய இடத்தில் அடுத்த வரி உடனே வந்து நிரப்புவதில்லை. பேசத் தெரியாத ஒருவனுடைய படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யாரும் வாசித்திருக்க முடியாது. ஜானி வாயைத் திறந்து சொல்ல முடியாமல் விழுங்குவதையெல்லாம் கிட்டார் சொல்கிறது, அதுவும் பாதியில் நிறுத்திக்கொள்கிறது.

ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலூட்டியதும் இதுதான். பல துண்டுகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். ‘பைக் ரைடு’ சூடு பிடிப்பதற்குள் ஓடிவிடும். கிளாப்டன் பாடுவார் என்று நினைத்து வாங்குகிறவர்கள் கவனிக்கவும்: இதில் அவர் குரல் கிடையாது. நீளமான துண்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்ட காலம் ஒன்று உண்டு. இப்போது முழுசாகத்தான் போடுகிறேன். ‘ஜானி’, ‘ரூபி’, ‘ஹோம்பாய்’ என்று ஒரே மனநிலை வேறு வேறு வெளிச்சத்தில் திரும்பி வருவது, முழுசாகக் கேட்கும்போதுதான் உறைக்கிறது. ‘டிக்ஸி’ அமெரிக்கத் தெற்கின் பழைய மெட்டு, உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தாரின் பாட்டாகவே ஆகிப்போனது. அது வரும்போது ஜானியின் அந்தத் தொப்பி என் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

இடையில் மற்றவர்கள் பாடிய பழைய பாட்டுகளும் உண்டு. மேஜிக் சாமின் ‘கால் மீ இஃப் யூ நீட் மீ’ எனக்கு இந்த சிடி வழியாகக் கிடைத்த பெரிய சொத்து. சிகாகோவின் மேற்குப் பகுதி புளூஸுக்கு ஒரு அடையாளம் கொடுத்தவர்களில் ஒருவர், 1969-இல் 32 வயதில் போய்விட்டார். அந்தக் குரலில் இருக்கும் துடிப்பைக் கேட்டுவிட்டு மறுபடி கிளாப்டனின் அடக்கத்துக்கு வந்தால், அந்த அடக்கத்தின் கனம் இன்னும் கூடுகிறது. ஜே.பி. ஹட்டோவின் ஸ்லைடு கிட்டாரும் (கம்பிகள் மேல் ஒரு குழாயை வழுக்கி வாசிப்பது) அப்படித்தான். ‘தி பிரேக்ஸ்’ குழுவின் பாட்டு மட்டும் எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, தாண்டிவிடுவேன்.

படத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எடி குக் என்ற புனைபெயரில் திரைக்கதை எழுதியவர் ரூர்க்கேதான். சின்ன வயதில் மயாமியில் குத்துச்சண்டை பழகியவர். படம் வந்து மூன்று வருடத்தில், 1991-இல், நடிப்பை விட்டு நிஜமாகவே தொழில்முறை ரிங்கில் இறங்கினார். 1994 வரை 8 சண்டைகள், 6 வெற்றி, 2 டிரா, தோல்வி இல்லை. ஆனால் முகம் சிதைந்தது. கடைசியில் நரம்பியல் பரிசோதனை முடிவுகள்தான் அவரை நிறுத்தின. ஜானிக்கு எழுதிய விதியில் பாதியை எழுதியவரே போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு திரும்பப் பார்த்தபோது, ‘மிகை நடிப்பு’ என்று முதல் கட்சியினர் குறை சொல்லும் அந்தத் தள்ளாட்டம் எனக்கு மிகையாகவே தெரியவில்லை. வெஸ்லியின் கொள்ளைத் திட்டம் மட்டும் வேறு ஏதோ படத்திலிருந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது, அந்தப் பகுதியில் அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் இசையைக் கேளுங்கள். சத்தம் குறைவான அறையில், ஸ்பீக்கரில். ஹெட்போனில் கிட்டார் தெளிவாகத்தான் கேட்கிறது, ஆனால் அந்த இடைவெளிகளுக்கு ஒரு அறை தேவைப்படுகிறது. சில வாரம் அது உங்களோடு இருக்கட்டும். அப்புறம் படத்தைப் போடுங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் சிடி உங்களுக்கு மிச்சம், மேஜிக் சாம் கூடுதல்.