செம்பர்விவமா, ட்ரையாஸா?

இந்த இரண்டு செடிகளும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வளர்பவை, தரையோடு ஒட்டிப் படர்பவை. வறட்சியைத் தாங்கும் என்று இரண்டையும் சொல்வார்கள். ஆனால் தாங்கும் விதம் வேறு. அது தெரியாமல் நட்டால் ஒன்று பிழைக்கும், மற்றது போய்விடும்.

செம்பர்விவம் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி. தடித்த இலைகள் ரோஜாப்பூ போல அடுக்கடுக்காக இருக்கும். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும். நம் கற்றாழையும் இப்படித்தான். ஒரு பிடி மண் இருந்தால் ஓட்டுக்கூரையில்கூட வளரும். பழைய ஐரோப்பியப் பேரரசர் சார்லமேன் காலத்து அரசாணை ஒன்று, தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் இதை வைத்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது. இடி விழாமல் காக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்தது. பூத்த இலைக்கொத்து காய்ந்துவிட்டால் பதறாதீர்கள். வாழை மாதிரிதான், தாய் போனாலும் சுற்றிலும் பக்கக்கன்றுகள் நிற்கும்.

ட்ரையாஸ் சேர்த்து வைக்காது, செலவைக் குறைக்கும். ஓர் இலையைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளைக் கம்பளி ஒட்டியதுபோல இருக்கும். ஓரங்களும் உள்ளே சுருண்டிருக்கும். காற்று ஈரத்தை உறிஞ்சாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பெரும்பாலும் எட்டு இதழ் கொண்ட வெள்ளைப் பூ, சூரியன் போகும் பக்கமெல்லாம் திரும்பும். கிண்ணம் போன்ற அதன் நடுப்பகுதி சற்று வெதுவெதுப்பாக இருப்பதால் குளிரில் பூச்சிகள் அங்கே வந்து உட்காரும். ஐஸ்லாந்தின் தேசிய மலர் இது.

ஆனால் ட்ரையாஸுக்குப் பொறுமை வேண்டும். மெல்லத்தான் படரும், வேரைத் தொந்தரவு செய்தால் பிடிக்காது. வேர் ஆழமாக இறங்கும்வரை முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். இரவிலும் புழுங்கும் ஊரென்றால் வேண்டாம்.

சரி, எதை நடுவது? சுவர் இடுக்கு, கூரை, தொட்டி என்றால் யோசிக்காமல் செம்பர்விவம். கோடை குளிர்ச்சியாக, மண் சுண்ணாம்புச் சரளையாக இருந்தால் என் ஓட்டு ட்ரையாஸுக்கே. பூ உதிர்ந்தபின் முறுக்கிய பட்டுநூல் போல நின்று, அப்புறம் பஞ்சாக விரியும் அந்த விதைத்தலைக்காகவே நடலாம்.

எதை நட்டாலும் குளிர்காலத்தில் அடியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். வறட்சியைவிட அதுதான் இவற்றை அதிகம் கொல்கிறது. சரிவான இடமாகப் பார்த்து, செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல்கடை உயரத்துக்குச் சரளைக்கல் போடுங்கள்.