உங்கள் கணக்கில் பதிவாகியிருப்பது யாருடைய எண் என்று பாருங்கள்

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்திற்கு அருகே உள்ள ஒரு பிரவுசிங் சென்டரில் என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததை, வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் அவர், விண்ணப்பம் ஒன்றுக்கு மின்னஞ்சல் கேட்டார்கள் என்று அங்கே போய் ஜிமெயில் கணக்கு தொடங்கினார். கடைக்காரரே, கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையும் போட்டு, கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். நாளடைவில் வங்கிக் கணக்கு விவரங்களும் அந்த முகவரிக்கே வரத் தொடங்கின.

சித்தப்பா புதுக் கைப்பேசி வாங்கிய பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. கடவுச்சொல்லைச் சரியாகவே தட்டினோம். அடுத்த திரையில், குறியீடு அனுப்பப்படும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் புள்ளிகளுக்குப் பின் தெரிந்தன. அவை சித்தப்பாவின் எண்ணுக்கு உரியவை அல்ல. கடைக்காரர் தம்முடைய எண்ணையே பதிந்து வைத்திருந்தார். நேரில் போய்க் கேட்டதற்கு, “ஓடிபி வேணும்னா வாங்கண்ணா, ஒரு தடவைக்கு நூறு ரூபாய்” என்றார். ஆட்கள் திரும்பத் திரும்பத் தம் கடைக்கே வர வேண்டும் என்று செய்த ஏற்பாடு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை; படிக்காதவர்களிடம் இதைச் செய்வது கொடுமை.

இருபடிச் சரிபார்ப்பு ஆளின் முகத்தைப் பார்ப்பதில்லை. கடவுச்சொல் தெரிந்திருக்கிறதா, பதிவான எண்ணுக்கு வந்த குறியீடு கையில் இருக்கிறதா என்ற இரண்டை மட்டுமே அது கேட்கிறது. இரண்டையும் காட்டுபவர் எவரோ அவரையே கணக்கின் உரிமையாளராக ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கடைக்காரரிடம் இரண்டும் இருந்தன. ஆகவே சித்தப்பாவின் கடிதங்களைப் படிக்க மட்டுமல்ல, அந்த மின்னஞ்சலை நம்பியிருக்கும் பிற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றவும் அவரால் முடிந்திருக்கும். குறுஞ்செய்திக்குப் பதிலாக, 30 நொடிக்கு ஒருமுறை புதுக் குறியீடு காட்டும் ஆதென்டிகேட்டர் செயலியிலும் இதே ஆபத்து உண்டு: தொடக்கத்தில் வரும் க்யூஆர் கோடை யார் கைப்பேசியில் ஸ்கேன் செய்தாலும், அதிலும் அதே குறியீடுகள்தான் வரும்.

கடைக்காரர் கேட்ட பணத்தைக் கொடுத்துக் குறியீட்டை வாங்கி, அங்கேயே நின்று, பாதுகாப்புப் பகுதியில் அவருடைய எண்ணை நீக்கிச் சித்தப்பாவின் எண்ணைச் சேர்த்தோம். கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல் என்ற இடங்களிலும் அவருடையவையே இருந்தன, அவற்றையும் மாற்றினோம். பிறகு வீட்டில் கடவுச்சொல்லைப் புதிதாக்கி, மற்ற சாதனங்களிலிருந்து கணக்கை வெளியேற்றி, கைப்பேசி கையில் இல்லாதபோது பயன்படுத்தக் கூகுள் தரும் 10 பேக்கப் குறியீடுகளைத் தாளில் எழுதிப் பீரோவில் வைத்தோம்.

பிஎஃப், பான் போன்றவற்றைக் கடையில் கொடுத்துச் செய்தவர்கள், யாருடைய எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கின்றன என்பதை இன்றே திறந்து பாருங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.