பட்டியலில் நல்ல பெயரா, பட்டறையில் நல்ல பெயரா?

போன வருஷம் புது கார் எடுக்கப் போனபோது கடைசிச் சுற்றில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று டர்போ பெட்ரோல், இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும் வகை). அதைச் செய்யும் கம்பெனிக்கு வெளிநாட்டு நம்பகத்தன்மைப் பட்டியல்களில் நல்ல இடம் உண்டு. இன்னொன்று மாருதி பலேனோ, சாதாரண மேனுவல் கியர். முதல் வண்டியைப் பட்டியல் சொன்னது, இரண்டாவதைப் பெரியகுளத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் சொன்னார். பலேனோதான் எடுத்தேன். பதினான்கு மாதம், பதினேழாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்று எழுதுகிறேன், இப்போது வண்டி தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடலாம். 'ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி' என்பதை 'ரிப்பேர் வராத வண்டி' என்று எடுத்துக்கொள்கிறவர்களை ஷோரூமில் பார்க்கிறேன். 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்சிஏபி என்ற இந்திய மோதல் சோதனைத் திட்டம் கொடுக்கும் நட்சத்திரம் மோதலில் உயிர் தப்பும் வாய்ப்பைப் பற்றியது. அதைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் கியர்பாக்ஸ் எத்தனை வருஷம் உழைக்கும் என்று அதில் இருக்காது.

நம்பகத்தன்மைப் பட்டியல்கள் வேறு. அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் சந்தாதாரர்களிடம், கடந்த பன்னிரண்டு மாதத்தில் வண்டியில் என்னென்ன கோளாறு வந்தது என்று கேட்டுத் தொகுக்கிறது. ஜே.டி. பவர் என்ற ஆய்வு நிறுவனம் நடத்தும் ஆரம்பத் தர ஆய்வு, வாங்கிய முதல் 90 நாட்களின் அனுபவம். அவர்களுடைய இன்னொரு ஆய்வு மூன்று வருஷம் ஓடிய வண்டிகளைப் பற்றியது. ஜெர்மனியில் ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கம், நடுவழியில் நின்ற வண்டிகளுக்கு உதவப்போன கணக்கிலிருந்து பட்டியல் போடுகிறது. எல்லாமே நேர்மையாகச் செய்யப்படும் வேலைகள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சித்தப்பா மகன் டெக்சாஸில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பார்த்துத்தான் வண்டி எடுத்தான். அவனுக்கு அது சரியான வழி. பதில் சொன்னவர்கள் ஓட்டுவது அவன் வாங்கும் அதே வண்டி, போவது அதே சாலை, நிரப்புவது அதே பெட்ரோல்.

எனக்கு அப்படியில்லை. ஜே.டி. பவர் கணக்கில் நூறு வண்டிக்கு எத்தனை கோளாறு என்றுதான் வரும். போன் புளூடூத்தில் சேராததும் ஒரு கோளாறு, கியர்பாக்ஸ் போனதும் ஒரு கோளாறு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பெரிய கோளாறுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது, அது நல்ல முறை. ஆனாலும் புது வண்டிக்கு அவர்கள் சொல்வது பழைய வருஷங்களை வைத்துப் போடும் கணிப்பு. அதே பெயரில் உள்ளே வேறு இன்ஜின் வந்துவிட்டால்? மாருதி ஸ்விஃப்டையே எடுங்கள். பல வருஷம் நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் இன்ஜினோடு வந்து பெயர் வாங்கிய வண்டி. 2024 மே மாதம் வந்த புது ஸ்விஃப்டில் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின். அது மோசம் என்று சொல்லவில்லை, நன்றாகவே உழைக்கலாம். ஆனால் பழைய ஸ்விஃப்ட் சம்பாதித்த பெயர் இந்த இன்ஜின் சம்பாதித்ததல்ல. நான் எடுத்த பலேனோவில் இன்னும் அந்த நான்கு சிலிண்டர் இன்ஜின்தான். பெயரை விட்டுவிட்டு இன்ஜினையும் கியர்பாக்ஸையும் பார்த்தேன்.

கம்பெனி பெயரை வைத்துப் போடும் வரிசையில் இன்னொரு சிக்கலும் உண்டு. டொயோட்டா கிளான்சாவும் பலேனோவும் ஒரே ஆலையில் செய்யும் ஒரே வண்டி, முகமும் சின்னமும்தான் வேறு. எனக்கு மாருதி சர்வீஸ் பக்கம், அதனால் பலேனோ.

இவ்வளவும் யோசிக்க வைத்தது என் பழைய வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். ஏஎம்டி கியர், அதாவது மேனுவல் கியர்பாக்ஸையே மோட்டார் வைத்துத் தானாக மாற்றும் வகை. ஏழு வருஷம் வைத்திருந்தேன், பெரிய தொல்லை கொடுத்ததில்லை. ஒருநாள் மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு மதுரைக்குக் கூட்டிப் போகும்போது வத்தலக்குண்டு தாண்டி கியர் விழவில்லை. திரையில் ஒரு எழுத்து மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது. ரெக்கவரி வண்டி வர மூன்று மணி நேரம். பெரியவரைப் பஸ் ஏற்றிவிட்டு நான் வெயிலில் நின்றேன். கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டர் போயிருந்தது. கையடக்கமான ஒரு பாகம், மாட்ட அரை நாள் வேலை. அது வந்து சேர 26 நாள் ஆனது. கிடங்கில் இல்லை, அடுத்த லாட்டில் வரும் என்று ஒவ்வொரு திங்கள்கிழமையும் ஒரே பதில். இந்த 26 நாளும் எந்தப் பட்டியலிலும் ஏறாது. அங்கே அது ஒரு வண்டி, ஒரு கோளாறு.

அதனால் இந்த முறை நான் கணக்குப் பார்த்தது வண்டி நிற்கும் நாட்களை. கோளாறு எல்லா வண்டிக்கும் வரும். வந்தால் அன்றைக்கே ஓடுமா, அடுத்த மாதம் ஓடுமா என்பதில்தான் செலவும் மனக்கஷ்டமும் இருக்கிறது. முன்பணம் கட்டுவதற்கு முன் மதுரையில் ஒரு ஸ்பேர் கடைக்குப் போனேன். ஒரு தாளில் கிளட்ச் செட், லோயர் ஆர்ம், வீல் பேரிங், முன் ஹெட்லைட் என்று எழுதி, இரண்டு வண்டிக்கும் கேட்டேன். பலேனோவுக்கு மூன்றை அலமாரியிலிருந்தே எடுத்து மேசையில் வைத்துவிட்டார். ஹெட்லைட் சாயங்காலம் வரும் என்றார். இன்னொரு வண்டிக்கு வீல் பேரிங் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் ஆர்டர். கிளட்ச் செட் என்றதும், "அதை நாங்க தொடுறதில்ல சார், கம்பெனியிலயே கேளுங்க" என்றார்.

மெக்கானிக்கிடம் வந்து சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தியே இல்லை. "பலேனோ வந்தா அன்னைக்கே கையில குடுத்துருவேன் தம்பி. அந்த வண்டி வந்தா பானட்டை மூடி மதுரைக்குத்தான் அனுப்பணும்."

டாக்ஸி ஸ்டாண்டிலும் கேட்டேன். அங்கே கிடைக்கும் தகவலை நான் மிகவும் மதிக்கிறேன். வருஷத்துக்கு அறுபதாயிரம், எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர், வண்டி ஒருநாள் நின்றால் அன்றைய சோறு போகும் என்று தெரிந்தவர், பொய் சொல்லத் தேவையில்லை. இன்னோவாவுக்கு 2005-லிருந்து இருக்கும் பெயர் இப்படி வந்ததுதான்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. மெக்கானிக் பார்ப்பது கெட்டுப்போன வண்டிகளை மட்டும். நூறில் எத்தனை வண்டி கெட்டது என்று அவரால் சொல்ல முடியாது, பட்டியல் சொல்லும். வாரண்டியில் இருக்கும் வண்டி அவரிடம் வரவே வராது, ஆகவே முதல் மூன்று வருஷம் அவருக்கு இருட்டு. தனக்குப் பழகிய வண்டியைத்தான் அவர் நல்ல வண்டி என்பார், அதுவும் மனித இயல்பு. மூன்று நான்கு வருஷம் ஓடிய பழைய வண்டி வாங்குகிறவருக்குப் பட்டியல் கூடுதலாக உதவும் என்றே நினைக்கிறேன், அந்த வண்டியின் வரலாறு அதற்குள் எழுதப்பட்டிருக்கும். சென்னை, கோவையில் இருப்பவர்களுக்கு நான் சொன்ன ஸ்பேர் கவலை பாதியாகக் குறையலாம். என் பலேனோவும் இன்னும் பெரிய சோதனை எதையும் பார்க்கவில்லை. கொடைக்கானல் மலைப்பாதையில் நான்கு முறை ஏறி இறங்கியிருக்கிறது, கிளட்ச் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது மச்சான் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்த வண்டி) எடுக்க யோசிக்கிறார், டொயோட்டா ஹைரைடர். அதே தாளை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனோம். ஹைப்ரிட் பேட்டரி பக்கம் தான் கை வைத்ததே இல்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். அதற்கு மட்டும் வாரண்டித் தாளைத்தான் நம்புகிறோம், பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். மற்ற பாகங்களைக் கேட்க வரும் சனிக்கிழமை மச்சானோடு மதுரைக்குப் போகிறேன்.